இங்கே தும்மினால் அங்கே ஜலதோஷம்

"அழாதீங்கக்கா. நான் எதுக்கு இருக்கேன்?" என்று நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

வரைபடப் பிரிவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டு மாதமாக வரைந்த ஆஸ்பத்திரிக் கட்டடப் படங்களைக் காலையில் கை தவறி ஃபோல்டரோடு அழித்துவிட்டார். மதியம் வாடிக்கையாளர் வருகிறார். படம் இல்லையென்றால் அக்காவுக்கு வேலையும் இல்லை.

"நேத்து மதியம் என் ரூம்ல நெட்டு வரலைன்னதும் ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணினவன்மா. இதையும் பண்ணிடுவான்" என்றார் முதலாளி.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம எல்லாரோட ஃபோல்டரும் ரெண்டு சர்வர்ல இருக்குக்கா. நடுவுல ஒரு நீல ஒயரு. இங்க நீங்க ஒரு கோடு போட்டா, அடுத்த நிமிஷம் அங்கயும் விழும். இங்க தும்முனா அங்க ஜலதோஷம்!"

"அப்ப இங்க அழிச்சா, தம்பி?"

சுற்றிக்கொண்டிருந்த நாற்காலியைச் சட்டென்று நிறுத்தினேன்.

எழுந்து சர்வர் அறைக்கு ஓடினேன். இத்தனை வருடமாகப் 'பாதுகாப்பு, பாதுகாப்பு' என்று நான் பீற்றிக்கொண்ட ஏற்பாடு, அழித்ததையும் அதே விசுவாசத்தோடு அங்கே அழித்திருக்கும். அக்காவுக்கு ஒரு நொடியில் தோன்றியது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இரண்டாவது சர்வரை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். அக்காவின் ஃபோல்டர் குத்துக்கல் மாதிரி அப்படியே இருந்தது! நேற்று மதியம் வரை வரைந்த படம் அத்தனையும் உள்ளே.

எப்படி? தெரியவில்லை. ஓரத்தில் ஏதோ சிவப்பு விளக்கு மினுக்கியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நல்லது நடக்கும்போது காரணம் கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு இல்லை.

படங்களைப் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு முதலாளி அறைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நுழைந்தேன். அங்கே காத்திருந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த அக்கா, "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார்.

"எப்படிப்பா சாதிச்சே?"

"இப்படி ஒரு ஆபத்து வரும்னு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன் சார்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

முதலாளி என் முதுகில் ஓங்கித் தட்டினார். பிறகு குனிந்து, லேப்டாப்பின் பின்னாலிருந்து எதையோ உருவி என் கையில் வைத்தார்.

"நேத்து நீ எனக்கு மாட்டிவிட்ட நீல ஒயரு, எடுத்த இடத்துலயே மாட்டிடுப்பா."