சல்லடைத் தண்ணீர்

சல்லடை வழியாக மஞ்சள் தண்ணீர் மகளின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. மணையில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணை இறுக மூடிச் சிரித்தாள்.

ஊற்றுவது அத்தைமார் வேலை. பெற்றவள் துண்டை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நின்றாள்.

தாய்மாமன் உட்கார வேண்டிய நாற்காலியில் ஒரு புகைப்படம். அவளுடைய தம்பி சேது. மீசை சரியாக முளைப்பதற்குள் போய்ச் சேர்ந்தவன். கீழே தாய்மாமன் சீர்த்தட்டு. அதிலிருந்த பட்டுச்சேலையை அவன் பெயரைச் சொல்லி அவளேதான் கடையில் எடுத்தாள். வேறு யார் எடுப்பார்கள்?

ஓடித்திரிந்த பையன் நடந்தான். நடந்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் படுத்தான். கடைசியில் மூச்சை இழுக்கக்கூட உடம்பில் சதை மிச்சமில்லை.

குடும்ப நோய். ஆண்பிள்ளையைத் தின்னும். பெண்பிள்ளைக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்து, அவள் பெறப்போகும் மகனுக்காகக் காத்திருக்கும். அவளுடைய அம்மாவுக்குள் இருந்தது. அவளுக்குள்ளும் இருக்கிறது.

அதற்காகத்தான் கணவனோடு கடல் தாண்டிப் போனாள். ஆய்வகத்தில் ஒரே ஒரு கரு பிழைத்தது. பெண். அதற்குள்ளும் அது இருந்தது.

மரபணுவில் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திருத்திவிடலாம் என்றார் டாக்டர். இவளுக்கு மட்டுமல்ல. இவள் பெறும் பிள்ளைகளுக்கும், அவர்கள் பெறும் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

தம்பியைக் கழிவறைக்குத் தூக்கிச் சுமந்தவள் அவள். யோசிக்கவே இல்லை. சரி என்றாள்.

மகள் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் வயதில் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். வெட்டு இன்னோர் இடத்திலும் விழுந்திருக்கிறதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறோம், இவள் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது என்றார். பெரியவளானதும் அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றார்.

சொல்லத்தான் நினைத்தார்கள். விவரம் தெரியட்டும் என்றான் கணவன். பரீட்சை முடியட்டும் என்றாள் பெற்றவள்.

பெரியவளாகிவிட்டாள்.

சடங்கு முடியட்டும், வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று காலையில்தான் பேசிக்கொண்டார்கள். இப்போது அவன் மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

நாத்தனார் அடுத்த செம்பைச் சாய்த்தாள். "நாளைக்கு உன் மக சடங்குக்கும் இந்தக் கைதான் தண்ணி ஊத்தணும், பாத்துக்க."

பெண்கள் சிரித்தார்கள்.

மகள் கண்ணைத் திறந்து மாமாவின் படத்தைப் பார்த்தாள். மாமாவின் நோய் அவளுக்குத் தெரியும். அதைத் திருத்தித் தன்னைப் பெற்றதும் தெரியும். கதை சொல்வதுபோல அதைச் சொல்லியே சோறூட்டியிருக்கிறாள் அம்மா. மற்றதுதான் தெரியாது.

"அம்மா, மாமாவுக்கு வந்தது என் பிள்ளைகளுக்கு வராதுல்ல?"

"வராது."

உண்மைதான். இதற்குப் பொய்யே சொல்லியிருக்கலாம் என்றிருந்தது.

மகளின் முகம் மலர்ந்துவிட்டது. ஈரக்கையால் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப மொதப் பையனுக்கு சேதுன்னு பேரு வைக்கிறேன். அவன் ஓடட்டும்."

யாரோ குலவையை ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். பெற்றவள் மட்டும் வாய் மூடி நிற்பதைப் பார்த்து நாத்தனார் புருவத்தைத் தூக்கினாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

மண்டபத்தில் அவளுடைய குலவைதான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டது.