அந்தோணியாருக்கு மட்டும்

பங்குக் கோயிலில் மணியடித்துப் பீடம் துடைக்கும் கோயில்பிள்ளை குழந்தைராஜ், அந்தோணியார் பெட்டியில் ஜனங்கள் போட்ட வேண்டுதல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதை ஜெனிட்டா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபம் முடிந்ததும் அந்தச் சீட்டுகளைப் பிரிக்காமல் எரித்துவிட வேண்டும். அதுதான் அந்தப் பங்குக் கோயிலின் வழக்கம். இந்த மனுஷனோ பூசைச் சாமான் அறையில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவகாசமாகப் படிக்கிறார். நடுநடுவே சட்டைப்பை நோட்டில் குறிப்பு வேறு.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நின்றுபோன தன் கல்யாணத்தைப் பற்றி அவள் எழுதிய சீட்டும் அதில்தான் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

அவர் பதறி நோட்டை மூடினார். சீட்டுகளை வாரிக்கொண்டு எரிக்கப் போனார்.

ஜெனிட்டா திருக்காட்டுப்பள்ளி இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். வீடியோ பார்த்துப் பார்த்து ஆறு மாதமாகப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தாள். அதில் செய்திகளைப் பூட்டுவதற்கென்றே லைப்ரரி என்கிற ஆயத்தத் தொகுப்பு ஒன்று உண்டு. 'காப்பாத்துப்பா' என்று அடித்தால் தலைகால் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றிவிடும். சாவி இல்லாதவர் தலைகீழாக நின்றாலும் படிக்க முடியாது.

நாலு நாள் தூங்காமல் உட்கார்ந்து புரோகிராம் எழுதி முடித்தாள். பங்குச்சாமியாரிடம் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினாள். மரப்பெட்டியின் வாயை அடைத்து, மேலே க்யூஆர் கோடு ஒட்டியாயிற்று. இனி வேண்டுதல் எல்லாம் போனில்தான்; பூட்டியபடியே ஜெனிட்டாவின் லேப்டாப்பில் வந்து சேரும்.

குழந்தைராஜ் ஒன்றே ஒன்று கேட்டார்.

"திறக்குற சாவி யாருகிட்டம்மா இருக்கும்?"

"யாருகிட்டயும் இருக்காது. பூட்டுன கையோட அது சாவிய அழிச்சிடும். இனிமே அந்தோணியாருக்கு மட்டும்தான் தெரியும்." நாலு பேர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

அவர் மணியடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அறுப்புக்கு நின்ற குறுவை நெல் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. ஜெனிட்டா வீட்டு மூன்று மா நிலமும் அதில் அடக்கம். அறுவடை மெஷின்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளில் நெல் முளைத்துவிடும்.

அம்மா பாத்திமா மேரி மட்டும் கலங்கவில்லை. மகள் காட்டிக்கொடுத்தபடி போனில் வேண்டுதலை அடித்து அனுப்பினாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி மழையில் சீட்டு எழுதிப் போட்டாள். மறுநாள் காலையில், கூப்பிடாமலே, மெஷின் வயலில் வந்து நின்றது. அந்தோணியார் செய்த புதுமை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முறை புதன் போயிற்று. வியாழன், வெள்ளியும் போயின. சனிக்கிழமை வயலுக்குப் போன அம்மா, ஒரு கதிரைப் பறித்துக்கொண்டு வந்தாள். நெல்மணிகள் ஒன்றிரண்டில் வெள்ளையாக முளை எட்டிப்பார்த்தது.

"அந்தோணியாருக்கு எம்மேல என்ன கோவம்?" என்று அழுதாள்.

ஜெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. மெஷின்கார அண்ணாதுரையை நடுரோட்டில் மறித்தாள். அன்றைக்குக் கூப்பிடாமலே வந்த ஆள், இன்றைக்குக் கெஞ்சினாலும் பத்து நாள் ஆகும் என்றால் என்ன நியாயம் என்று கேட்டாள்.

"அன்னைக்குக் குழந்தைராஜ் அண்ணன் சொன்னாரும்மா. இன்ன வயலுக்கு மொதல்ல போன்னுவாரு. யாரு கேட்டா, என்ன கஷ்டம்னு மூச்சு விடமாட்டாரு. எனக்கு மட்டுமா? ரத்தம் குடுக்குற பசங்க, நர்ஸம்மா, எல்லாருக்கும் செவ்வாக்கெழம சாயங்காலம் அவருகிட்டேருந்து போன் வரும். என் பொண்டாட்டி பொழைச்சதே அப்படி வந்த ரத்தத்துலதான். மூணு வாரமா அவரு சத்தத்தையே காணும். ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

குழந்தைராஜ் தன் சீட்டைப் படித்தும், கல்யாணத்தைப் பற்றி அதில் எழுதியதை ஊரில் ஒருவர்கூட இன்றுவரை வாய் திறந்து பேசவில்லை என்பது ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

லேப்டாப்போடு கோயிலுக்கு ஓடினாள். குழந்தைராஜ் பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகையும் மன்னிப்புமாக அவள் அம்மா வயலைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், அவர் போனை எடுத்து அண்ணாதுரையிடம் இரண்டு வார்த்தை பேசினார். "காலையில வந்துடும்மா" என்றார்.

பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்லவேளை, கொண்டாந்துட்டே. பூட்டுனவ நீதானே, தொறந்துடுவே. மத்தவங்கல்லாம் என்ன கேட்டிருக்காங்க?"

அவள் திறந்தாள். மூன்று வாரத்து வேண்டுதல்கள், நூற்றுப் பதினெட்டு. எல்லாம் எழுத்துக் குவியல். ஒன்றுக்கும் சாவி இல்லை.

குழந்தைராஜ் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, அவள் படிக்கட்டும் என்று காத்திருந்தார்.