சாயப்பட்டறையில் இறங்கிய தட்டு

"வானத்துல பறந்தது என்ன நிறம்மா?" என்று கேட்டார் விமானப்படை அதிகாரி.

"செக்கச்செவேல்னு, தட்டு மாதிரி இருந்துச்சுங்க. அங்கதான் எறங்குச்சு!" மாரக்காள் தன் தோட்டத்துக்குப் பக்கத்துச் சாயப்பட்டறையின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

முதலாளி ராசப்பன் பதறினார். "இது கிறுக்குங்க சார்! அங்க ஒண்ணுமில்லீங்க!"

ஜவான்கள் அங்கே கிடந்த தகரத்தைப் புரட்டினார்கள். பழைய போர்வெல் குழிக்குள் சிவப்புச் சாயக்கழிவு குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கூடவே வந்திருந்த நிருபர்களின் கேமராக்கள் மின்னின. ராசப்பனின் முகம் வெளுத்ததைப் பார்த்து மாரக்காளுக்கு வயிறு குளிர்ந்தது.

"பறந்து வந்த தட்டு எங்கேம்மா?" அதிகாரி முறைத்தார்.

மாரக்காள் தன் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் நீட்டினாள். அதுவும் சிவப்பு.

"இதைக் குடிச்சுத்தான் எம்மாடு செத்துச்சுங்க. மூணு வருசமாக் கூப்புட்டும் ஒரு ஆபீசரும் வல்லீங்க. தட்டு பறந்துச்சுன்னேன், பட்டாளமே வந்துருச்சுங்க!"