சாவியை எடுத்த பிறகும்

"ஜூலை 9. புதுப் பேட்டரியும் நாலு நாளில் இறங்கிவிட்டது. பழையதைக் குறை சொன்னது என் தப்பு" என்று டைரியில் எழுதிவிட்டு, கலைப்பிரியா கரண்டு அளக்கும் மீட்டரோடு வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரிடம் வந்தாள்.

அண்ணன் ரஞ்சித் சிரித்தான். "சாயங்காலமானா மெக்கானிக் கிளாஸுக்குப் போய்க்கினு இருக்கியே, இன்னாத்த கிழிச்ச? இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா வண்டிய வித்துடுவேன். திண்டிவனத்து வேலையும் வேணாம், வீட்லயே இரு. ஆமா, நேத்து மண்டகப்பட்டுல உனுக்கு இன்னா வேல?"

"கூட வேல செய்யற பொண்ணு வீடுண்ணா. யாரு சொன்னது?"

"விழுப்புரம் ஜில்லாவுல எனுக்குத் தெரியாத ஆளா?" என்றபடி உள்ளே போனான்.

அவள் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயரில் மீட்டரைச் சேர்த்தாள். அணைத்த வண்டியில் கரண்டு ஓடியது. ஃபியூஸைப் பிடுங்கியும் ஓடியது. தவறாகப் பார்க்கிறோமோ என்று மறுபடியும் பார்த்தாள். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் சீட்டுக்கு அடியில் போனது. அதன் முனையில் தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா. திறந்தால் சிம் கார்டு. வண்டி போகிற இடத்தையெல்லாம் போனுக்குச் சொல்லும் டப்பா.

அண்ணனுக்குத் தெரிந்த ஆள் இதுதான்.

"இன்னாடி, கோளாறு கெடச்சுதா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கெடச்சுதுண்ணா. வண்டி இனிமே நிக்காது."

டைரியைத் திறந்து, அன்றைய குறிப்புக்குக் கீழே எழுதினாள்: "நாளைய வேலை: டப்பாவை அண்ணன் வண்டியில் மாட்ட வேண்டும்."