விருந்தாளி நெட்வொர்க்

“அந்த ஒரு போன் மட்டும் இந்த வீட்ல எதையும் தொடக் கூடாது தம்பி. கதவு, அடுப்பு, ஹீட்டர், எதையும்.”

கணவர் குரலை உயர்த்தவில்லை. சோபாவின் ஓரத்தில் மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டெக்னீஷியன் புது ரூட்டரின் பெட்டியைப் பிரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

குடும்பச் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவனுக்குப் புதிதில்லை. ஒருவருக்கு எதிராக இன்னொருவர் பூட்டுப் போடச் சொன்னது இதுதான் முதல் தடவை.

“மூணாப் பிரிச்சிடறேன் சார். பொருளுக்கெல்லாம் ஒரு நெட்வொர்க். வீட்டு ஆளுங்க போனுக்கு ஒண்ணு. மூணாவது விருந்தாளிக்கு. நடுவுல ஃபயர்வால் காவல் நிக்கும். விருந்தாளிக்கு நெட் வரும், அவ்வளவுதான். வீட்டுப் பொருள் எதுவும் அவங்க பேச்சக் கேக்காது.”

“அப்ப அந்தப் போனை விருந்தாளில போடுங்க.”

மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம் ஒன்றும் இல்லை.

டெக்னீஷியன் பழைய ரூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டான். கணவர் நெற்றியைத் தேய்த்தார். மனைவி உள்ளே இருந்தபடியே சொன்னாள், ஓர் எழுத்து பிசகாமல். இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எந்தப் பொருள் யாரோடு பேசலாம் என்ற பழைய விதிகள் திரையில் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏன் எழுதப்பட்டது என்று ஒரு வரிக் குறிப்பு. பொருள்களுக்கெல்லாம் பட்டப்பெயர். ஸ்பீக்கர் ‘வாயாடி’. வாசல் கேமரா ‘வம்புக்கண்’. குளியலறை ஹீட்டர் ‘கோபக்காரி’.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. “எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க. யார் சார் பண்ணது?”

“நான்தானாம்” என்று கணவரும் சிரித்தார்.

குழாய்ச் சத்தம் நின்றது.

புது விதிகளை எழுத ஆரம்பித்தான். வீட்டு ஆட்கள் பொருள்களிடம் பேசலாம். விருந்தாளி பேசக் கூடாது. பல்புகளையும் கதவையும் ஒவ்வொன்றாகப் புது இடத்துக்கு மாற்றினான். கூடத்து விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது.

கணவர் நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டார். “மொபைல் டேட்டா போட்டு வெளியில சுத்தி வந்தா?”

“அவ்வளவு தூரம் யோசிப்பாங்களா சார்?”

“அந்த வழியெல்லாம் தெரிஞ்ச ஆளு.”

பொருள்கள் வெளியுலகத்தோடு பேசும் வழியையும் அடைத்தான். அதற்கு மேல் கை ஓடவில்லை.

“நான் சொல்லக் கூடாதுதான். ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தடவ பேசிடுங்களேன். சொந்த வீட்டு ஆளைப் போய் விருந்தாளி ஆக்குறது நல்லாவா இருக்கு?”

“பேசியாச்சு.” கணவர் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். “உள்ள எங்க பொண்ணு படுத்திருக்கா. அந்தப் போன்லேர்ந்து கோபக்காரியோட சூட்டை உச்சத்துக்கு ஏத்தி விட்டிருக்கு. அது தெரியாம குளிக்கப் போனா. ஒரு பக்கத் தோள் பூரா வெந்துபோச்சு. இன்னும் மல்லாந்து படுக்க முடியல.”

“வேணும்னு யாராவது செய்வாங்களா சார்?”

“வேணும்னு இல்ல. ஏத்தினதே ஞாபகம் இல்ல. அதான் பயமா இருக்கு.”

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள், துடைத்துக்கொள்ளவில்லை.

“மருந்து இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு” என்று டெக்னீஷியனிடம் சொன்னாள். “கொஞ்ச நாள் பாக்கலாம்னு கெஞ்சுறேன். கேக்கவே மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்க.”

மருந்து என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பாவம், இந்த வயதிலேயே என்று நினைத்தான். கணவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது.

“கொஞ்ச நாள்தான சார்” என்றான்.

“அவளுக்கு இன்னும் ஒரு தோள்தான் மிச்சம் இருக்கு” என்றார் கணவர்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மூன்று பேரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

“போனைக் குடுங்க.”

கணவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதைக்கூட இவர்தான் வைத்திருக்கிறார். பூட்டு எதுவும் இல்லை, தொட்டதும் திறந்தது. திரை முழுக்க ஒரு சிறுமியின் சிரிப்பு. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

விருந்தாளி நெட்வொர்க்கில் போனைச் சேர்த்தான். கூடத்து விளக்கை அணைக்கச் சொல்லி அதில் அழுத்திப் பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ரூட்டர் அந்தப் போனுக்கு ஒரு பெயர் கேட்டது. அவன் மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன பேர் போடட்டும் அக்கா? உங்களுக்குப் பிடிச்சதாச் சொல்லுங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கணவர்தான் பதில் சொன்னார்.

“அப்பான்னு போடுங்க. அவ என்னை அப்படித்தான கூப்பிடுவா.”