மாமியைக் கொன்ற மருமகன்

“தயிருக்குள்ள விஷத்தப் போட்டது பிழை. உறைப்பு மீனாணத்துக்குள்ள போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றார் இரத்தினம்மா.

தேநீர் கொண்டுவந்த மருமகன் உதயரூபன் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். இரத்தினம்மா தன் கோப்பையை எடுத்தார், மருமகனை ஏற இறங்கப் பார்த்தார், குடிக்காமல் தள்ளி வைத்தார்.

“பயப்படாதீங்க தம்பி, கதையத்தான் சொல்றா,” என்று சிரித்தார் பஹீமா டீச்சர்.

பஹீமா டீச்சர் ஏறாவூரிலிருந்து தன்னாமுனைக்கு வருவதே இதற்காகத்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்றவர்கள் பூக்கன்று வளர்ப்பார்கள், பேரப்பிள்ளை பார்ப்பார்கள். இவர்களுக்கோ புத்தகத்தில் யாராவது செத்தால்தான் நித்திரை வரும்.

இந்தமுறை செத்தது ஒரு மாமியார். எழுதியவர் வாவிவேந்தன் என்ற புனைபெயரில் ஒரு புது ஆள். கதையில் வருகிற மாமியார் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, முன்னறையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறார். அந்த அறையும் வேண்டுமென்று மருமகன் எருமைத் தயிரில் விஷம் கலந்து அவரை அனுப்பிவைக்கிறான்.

உதயரூபன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான். வருகிற வெள்ளிக்கிழமை இந்த வீட்டை மனைவி மேனுகாவின் பேருக்கு மாமி உறுதிப் பத்திரம் எழுதுவதாக ஏற்பாடு. இந்தப் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மருமகன் பெட்டியோடு வந்து சேருகிறவன். “முன்னறை மட்டும் எனக்கு” என்று இரத்தினம்மாவும் சொல்லியிருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில், பாழாய்ப்போன ஒரு புத்தகம் குறுக்கே வந்து நின்றது.

மேனுகாவாவது பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருந்திருக்கும். பௌர்ணமிப் போயா லீவு அவனுக்குத்தான், ஆசுபத்திரித் தாதிக்கு ஏது போயா?

“ஒரு அறைக்காக ஆராவது மாமியக் கொல்லுவானா? நம்பேலாது,” என்றார் பஹீமா டீச்சர்.

“கொல்லுவான் டீச்சர். அந்த மாமிட குணம் அப்பிடி. அலுமாரியப் பூட்டி, திறப்ப அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைக்கிறா, பாருங்க.”

“அது நீங்களும் செய்றதுதானே!”

“ஓம். வாசிக்கக்குள்ள எனக்கு மேலெல்லாம் கூசிற்று.”

“எண்டாலும் தயிர் கசந்தா நாக்குல பட்ட உடனே தெரிஞ்சிருமே. இந்த வாவிவேந்தன் வாழ்நாளில தயிர் தின்னாதவன் போல.”

“அதுக்குத்தானே இனிக்க இனிக்கக் கித்துல் பாணிய அள்ளி ஊத்துறான்!” என்று உதயரூபன் பாய்ந்தான். “வடிவா வாசிச்சுப் பாருங்க டீச்சர்!”

இரண்டு டீச்சர்மாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கதைப் புத்தகமெண்டா தொடவே மாட்டீங்கண்டு மேனுகா சொன்னா,” என்றார் பஹீமா டீச்சர். “மாமிட புத்தகத்தக் களவா வாசிச்சிருக்கீங்க, என்ன?”

“சும்மா… ரெண்டு மூணு பக்கம்.”

இரத்தினம்மா புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவனை வாட்டியது. கடைசியில் அவனே தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“மாமி, வெள்ளிக்கிழமை வாறமெண்டு உறுதி எழுதுற நொத்தாரிசுக்குச் சொல்லட்டா?”

“அந்த மாமியும் வெள்ளிக்கிழமைதான் எழுதினவ.”

“அது கதை மாமி!”

“அவவும் ‘என்ட மருமகன் தங்கம்’ எண்டுதான் சொல்லித் திரிஞ்சவ. மூணாம் அத்தியாயத்தில.”

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. பஹீமா டீச்சர் எழும்பி, நாவலையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “இது இஞ்ச கிடந்தா உங்கட குடும்பம் ரெண்டாயிரும் டீச்சர். பாவம் பொடியன், தேத்தண்ணி எல்லாம் ஊத்தித் தாறார். ஒரு கதைய வச்சு மனிசரச் சந்தேகப்படலாமா?”

ஓட்டோ போய்விட்டது. உதயரூபனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

“மாமி, உங்களுக்கு மனசில்லாட்டி எழுத வேணாம். நானும் மேனுகாவும் வாடகைக்கு ஒரு வீடு பாக்கிறம். நீங்க பயந்து பயந்து சாப்பிடுறத என்னால பாக்கேலாது.”

“ஆரு பயந்தது?” என்றார் இரத்தினம்மா. “வெள்ளிக்கிழமை எழுதுவம். முன்னறையும் உங்களுக்குத்தான். நான் பின்னறைக்குப் போறன்.”

அவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

“ஆனா ஒரே ஒரு நிபந்தனை இருக்கு.”

“சொல்லுங்க மாமி! என்னெண்டாலும் செய்றன்!”

“அடுத்த கதையில உங்கட அம்மாவக் கொல்லுங்க.”