அப்பாவின் மேல் புள்ளடி

“அப்பா மேல கெடக்கிற இந்தப் புள்ளடிய மட்டும் எடுத்துடுங்க தம்பி” என்றார் இரகுநாதன்.

பதுளையில் ஸ்டூடியோ நடத்தும் ஸப்வான், கவுண்டரில் விரித்து வைத்த பழைய புத்தகத்தைக் குனிந்து பார்த்தான். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை மெஷினோடு சேர்ந்து வந்த வழிகாட்டிப் புத்தகம். படத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர், ஓடும் மெஷினுக்குள் கையை விட்டுக் கொழுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கும் கைக்கும் குறுக்கே, சிவப்பு மையில் பெருக்கல் குறி போலப் பெரிய புள்ளடி.

“இப்படிச் செய்யக் கூடாதுன்னு காட்டுறதுக்கு எங்கப்பாதான் கெடச்சாரு அவனுங்களுக்கு! அவருக்கு வேற போட்டோவே கெடயாது தம்பி. அம்மா இங்க பெரியாஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கெடக்குறாங்க. கண்ண மூடுறதுக்குள்ள புள்ளடி இல்லாம ஒரு தடவ அவரப் பாக்கணுமாம்.”

ஸப்வானுக்கு மனசு இளகிவிட்டது. அவனுடைய வாப்பா மவுத்தானபோதும் அடையாள அட்டைப் படத்தைத் தவிர வீட்டில் ஒன்றுமில்லை.

“முகத்த மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தாறேன் சேர். பிரேம் போட நல்லா ஈக்கும்.”

“வேணாம் தம்பி. கை, மெஷின், கீழ இருக்கிற பக்க நம்பர், எல்லாம் அப்படியே வேணும். உழைச்ச மனுசன் உழைச்ச கோலத்துலயே இருக்கட்டும்.”

ஸ்கேன் செய்து பெரிதாக்கியதும் படம் புள்ளிப் புள்ளியாக உடைந்தது. அச்சுப் படம் என்றாலே இந்தத் தலைவலிதான். பகல் சாப்பாட்டைக்கூட மறந்து, சிவப்புக் கோடு மறைத்த இடங்களையெல்லாம் பக்கத்துப் புள்ளிகளை எடுத்து எடுத்து நிரப்பினான் ஸப்வான். தாய்க்காக இப்படி அலைகிற மகன் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கே கண் கலங்கியது.

பிரிண்ட் வெளியே வந்தது. புள்ளடி இருந்த சுவடே தெரியவில்லை. இரகுநாதன் பர்ஸை எடுக்கவும் ஸப்வான் தடுத்துவிட்டான்.

“சல்லி வேணாம் சேர். மொதல்ல கொண்டுபோய் உம்மாவுக்குக் காட்டுங்க.”

படத்தை உறையில் போட்டுக்கொண்டு இரகுநாதன் விறுவிறுவென்று ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வார்டுக்குள் நுழைந்து, ஜன்னலோரக் கட்டிலருகே போய் நின்றார்.

கட்டிலில் கிடந்தவள் பவளராணி, பத்தொன்பது வயதுப் பெண். மடுல்சீமைத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் இரகுநாதனுக்குக் கீழே வேலை செய்தவள். போன வாரம் மெஷின் அவளுடைய வலது கையை முழங்கை வரை இழுத்துக்கொண்டது. இனி அந்தப் பிள்ளை ஒரு வாய் சோறு அள்ளக்கூடப் பழக வேண்டும்.

அவளுடைய தகப்பன் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கியபடி எழுந்து நின்றார். “நாளைக்கு விசாரிக்க வர்றாங்களாம் ஐயா. மெஷின் ஓடுறப்ப கைய விடச் சொன்னது நீங்கதான்னு புள்ள சொல்லுது. நான் யார்கிட்டப் போய் நியாயம் கேப்பேன்?”

இரகுநாதன் உறையிலிருந்து படத்தை எடுத்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

பவளராணி வெகுநேரம் பார்த்தாள். “யாருங்க ஐயா இது?”

“யாரோ ஒருத்தன். புத்தகத்துல உள்ளபடிதான புள்ள ஒன்னைய கைய விடச் சொன்னேன்?”